தாய் கொடுத்த சதை

"நான் ஏமாந்துட்டேன் டாக்டரம்மா" என்றார் அருளப்பன்.

கயற்கண்ணி பன்றி ஆராய்ச்சி நிலையத்தில் மரபியல் பார்ப்பவள். அருளப்பனைவிட இருபது வயது சின்னவள். ஆனாலும் ஆத்தூர் பக்கம் வெண்பன்றிப் பண்ணை போட்ட நாளிலிருந்து அவருக்கு அவள்தான் குரு. சொன்னதைச் செய்வார். செய்துவிட்டுச் சண்டைக்கு வருவார்.

"யார் ஏமாத்தினது?"

"இதோ, இவதான்."

கொட்டிலில் தாய்ப்பன்றி ஒருக்களித்துப் படுத்திருந்தது. இரண்டாம் ஈத்துக் குட்டிகள் மடியில் முட்டிக்கொண்டிருந்தன.

"தொடையையும் இடுப்பையும் பாருங்க. நல்ல சதைப்பிடிப்புன்னு தேடிப் பிடிச்சு வாங்கினேன். முதல் ஈத்துக் குட்டிங்க வளர்ந்து நிக்குது. முதுகு பூராக் கொழுப்பு. வியாபாரி ஒரு விரலை வச்சு அழுத்திப் பார்த்தான். வேண்டாம்னுட்டுப் போயிட்டான். இந்த ஈத்தும் அப்படியே வந்தா பண்ணையை இழுத்து மூட வேண்டியதுதான்."

"இவளுக்கு இந்தச் சதை யார்கிட்டேயிருந்து வந்தது?"

"இவ அப்பன்கிட்டேயிருந்து. நானே பார்த்தேனே. மதில் மாதிரி நின்னான்."

"குட்டிகளுக்கு அப்பன்?"

"நம்ம பழைய ஆண்பன்னி. அவன் கொழுப்புப் பயல்."

கயற்கண்ணி குட்டிகளிடம் குனிந்தாள். ஒவ்வொரு ஆண் குட்டியின் முதுகிலிருந்தும் நாலைந்து ரோமம் பிடுங்கித் தனித்தனி உறையில் போட்டாள். போய்விட்டாள்.

அடுத்த வாரம் வந்தாள். ஒரு குட்டியைத் தூக்கினாள்.

"இதை மட்டும் காயடிக்காதீங்க."

"இதுல என்ன விசேஷம்?"

"வளர்ந்ததும் இதோட தாயை விட்டுட்டு மத்த பெட்டைகளோட சேர்த்துவிடுங்க. பழையவனை வித்துடுங்க."

"இந்தக் குட்டி முதல் ஈத்து மாதிரி வராதுல்ல?"

"அதே மாதிரிதான் வரும்."

"கொழுத்தா?"

"கொழுத்து."

அருளப்பன் அவள் முகத்தையே பார்த்தார். விளையாட்டு ஒன்றும் தெரியவில்லை.

"அப்புறம் எதுக்கும்மா?"

"வளருங்க அண்ணே."

காயடிக்க வந்த ஆள் கேட்டான். "இது ஒண்ணு விட்டுப்போச்சே?"

"டாக்டர் வேண்டாம்னுட்டாங்க."

அவன் குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

குட்டி வளர்ந்தது. சொன்னபடியே கொழுத்தது. அருளப்பனின் மனைவி சலோமி தீவனம் போடும்போதெல்லாம் முணுமுணுத்தாள்.

"பழையவனை வித்துட்டு அவன் மாதிரியே ஒண்ணைக் கட்டி அழறோம். அந்தம்மாவுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"அவங்களுக்குத் தெரியாததா? சும்மா இரு" என்று அதட்டுவார் அருளப்பன். அதட்டிவிட்டுத் தனியாகப் போய் அந்த முதுகை விரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் உள்ளே போகும்.

இருந்தாலும் பெட்டைகளோடு சேர்த்தார். குட்டிகள் பிறந்தன, பால் மறந்தன, வளர்ந்தன.

விற்கிற பருவத்தில் கயற்கண்ணி ஸ்கேன் கருவியோடு வந்தாள். ஒவ்வொன்றின் முதுகிலும் வைத்துப் பார்த்தாள். பாதிக் குட்டிகள் பழைய மாதிரி. மீதிப் பாதிக்குக் கொழுப்பு மெலிந்து, கீழே சதை திரண்டிருந்தது.

வியாபாரியும் வந்திருந்தான். விரலை வைத்தான். விரல் உள்ளே போகவில்லை. போய் வண்டியின் பின்கதவைத் திறந்தான்.

அருளப்பனுக்குச் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் பெரிதாக இருந்தது.

"இந்தப் பயகிட்டயே இல்லாதது இவன் குட்டிகளுக்கு எப்படிம்மா வந்தது?"

கயற்கண்ணி சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினாள். கொட்டில் விளக்கு அணைந்தது.

"வயரை அறுத்தேனா?"

"இல்லை."

"கரண்டு போயிடுச்சா?"

"இல்லை. அணைச்சிருக்கீங்க."

"எல்லாப் பன்னிக்கும் அப்பன் கொடுத்த மரபணு ஒண்ணு, ஆத்தா கொடுத்தது ஒண்ணு. இந்த ஒரு சதை விஷயத்துல மட்டும் ஆத்தா கொடுத்தது குட்டி உடம்புல அணைஞ்சே கிடக்கும். அப்பன் கொடுத்ததுதான் எரியும்."

அருளப்பன் கொழுத்த ஆண்பன்றியைப் பார்த்தார். அது தொட்டியில் மூக்கை விட்டு உறுமிக்கொண்டிருந்தது.

"அப்போ இவன்கிட்ட ஆத்தா கொடுத்தது இருந்திருக்கு. அணைஞ்சு கிடந்திருக்கு."

"ரோமத்தைச் சோதிச்சப்போ தெரிஞ்சது."

"அதை இவன் தன் குட்டிக்குக் கொடுக்கும்போது..." அருளப்பன் நிறுத்தினார். "இவன் அப்பனாயிடறான்!"

கயற்கண்ணி சுவிட்சைப் போட்டாள்.

அருளப்பன் தாய்ப்பன்றியின் கொட்டிலுக்குப் போனார். குனிந்து, அதன் காதுக்குப் பின்னால் வெகுநேரம் சொறிந்துகொடுத்தார். அது கண்ணை மூடிக்கொண்டது.

வெளியே வியாபாரி அவசரப்பட்டான். சதைபிடித்த குட்டிகளை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றினான். கடைசியாக ஒரு பெட்டை. அந்தக் கூட்டத்திலேயே அதுதான் திரட்சி. அருளப்பன் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"இது வேண்டாம். இது இங்கேயே இருக்கட்டும்."

"இதைத்தான் நான் முதல்லயே கண்ணு வச்சேன்" என்றான் வியாபாரி. "குட்டி போட வச்சுக்கறீங்களா? குட்டிங்க இவளை மாதிரியே வருமா?"

"வராது. கொழுத்துத்தான் போகும்."

வியாபாரி கயற்கண்ணியைத் திரும்பிப் பார்த்தான். அவள் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுமா வச்சுக்கறீங்க? எதுக்கு?"

அருளப்பன் பெட்டையைக் கொட்டிலுக்குள் விட்டுப் படலைச் சாத்தினார்.

"பேரக்குட்டிங்களுக்கு" என்றார்.