மூக்குத்தி போட்ட பையன்

"இந்தக் கேஸ் கோப்பை மூடினவன் எவனோ, அவன் கண்ணைத் திறந்தே பார்க்கலை. கையெழுத்தை மட்டும் போட்டுட்டுப் போயிட்டான்."

இருளப்பன் கோப்பை மேசைமேல் போட்ட வேகத்தில் டாக்டர் கிளாராவின் டீ தளும்பியது.

கிளாரா டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"உட்கார்ந்து திட்டு."

லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய்களை ஆராய்கிற கூடம் அது. அப்போது ஆறு பேர் அங்கே வேலை பழகினார்கள். கடலோரக் குப்பத்துப் பெண் ஒருத்தி, மலையூர்க்காரன் ஒருவன், காது கேளாத ஒருத்தி என்று ஆளுக்கு ஒரு திசை. இருந்த ஒரே நுண்ணோக்கிக்கு ஆறு பேரும் அடித்துக்கொள்வார்கள். சாயங்காலம் ஒரே தட்டில் பொரி தின்பார்கள். அது ஒரு காலம்.

செங்கல் சூளையில் வேலை பார்த்துப் படித்த இருளப்பன் கடைசியாகச் சேர்ந்தவன்.

யார் வந்தாலும் முதல் நாள் கிளாரா அந்தக் கோப்பைத்தான் கொடுப்பார். கையெழுத்தின்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும்.

"இதில் என்ன இல்லை?"

முன்னால் வந்த ஐந்து பேரும் விட்டுப்போன பரிசோதனைகளைச் சொன்னார்கள். கிளாரா தலையாட்டிவிட்டுக் கோப்பைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

இப்போதும் அதையே கேட்டார்.

"ஒரு பிள்ளை கணக்குல இல்லை, மேடம். ரெண்டுகூட விட்டுப்போயிருக்கலாம்."

இருளப்பன் கோப்பிலிருந்த படத்தைக் காட்டினான். ஆறு வயதுப் பையன் சுவரைப் பிடித்தபடி நிற்கிறான். மூக்கில் சின்ன வளையம்.

"அழகுக்குப் போட்டதுன்னு நெனச்சிருப்பான், அந்த மேதை."

கிளாரா படத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தார்.

"எங்க பக்கம், முன்னாடி பொறந்தது தங்காமப் போச்சுன்னா அடுத்த பையனுக்கு மூக்குக் குத்துவாங்க. எமன் பொண்ணுன்னு நெனச்சு விட்டுட்டுப் போகட்டும்னு. எனக்கும் குத்தினாங்க. அதுக்கு ஹாஸ்டல்ல வச்ச பட்டப்பேரைச் சொல்ல மாட்டேன்."

அவன் மூக்கில் தூர்ந்துபோன துளை ஒன்று இருந்தது.

"எத்தனை பிள்ளைன்னு மூணு தடவை கேட்டதா எழுதியிருக்கே. ரெண்டுன்னுதானே பையனோட அம்மா சொன்னாங்க?"

"உசுரோட இருக்கிறதைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் போனதை எண்ணிச் சொல்ல மாட்டாங்க, மேடம். அது இதே நோயிலதான் போச்சான்னு எவனும் கேக்கலை. 'பரம்பரை நோய் அல்ல'ன்னு எழுதி மூடிட்டான். பையனுக்கு ஒரு தங்கச்சி. அன்னைக்கு ரெண்டு வயசு, இப்ப இருபது. நம்ம பிள்ளைக்கு வராதுங்கிற நம்பிக்கையிலேயே அது கழுத்தை நீட்டும்."

கிளாரா நகத்தால் பிளாஸ்திரியின் ஓரத்தைக் கிளப்பினார். மெல்ல உரித்தார்.

அடியில் இருந்தது அவர் கையெழுத்து.

"அவங்க ஊருக்குப் போய்ப் பார்த்துட்டுத் திரும்புறப்போ அந்த அம்மா பஸ் வரைக்கும் வந்தாங்க," என்றார். "அவிச்ச பனங்கிழங்கு ஒரு கட்டு, மடியில வச்சப்போ இன்னும் சூடு ஆறலை. பையன் சுவரைப் பிடிச்சுப் பிடிச்சுப் பின்னாலேயே வந்தான். பஸ் கிளம்புறப்போ ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு, 'சின்னவளுக்கு ஒண்ணும் வராதேம்மா'ன்னு கேட்டாங்க. வராதுன்னேன். ஆனா, நான் சொன்னதுக்கு அப்புறமும் ஜன்னலை விடலை. ஏன்னு பதினெட்டு வருஷமா எனக்குப் புரியலை."

இருளப்பன் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் குரலும் இறங்கவில்லை.

"அந்த பஸ் இன்னும் ஓடுது, மேடம். ரெண்டு மணிக்கு. எந்திரிங்க. வராதுன்னு சொன்ன வாயாலேயே, வரலாம்னு போய்ச் சொல்லுங்க."