பல்லி சொன்னால் தரையைத் தட்டுவது ஏன்?

அந்தக் காலத்தில் பல்லிக்கு வாய் இருந்தது. இப்போதும் இருக்கிறதே என்பீர்கள். அது பூச்சி பிடிக்கிற வாய். நான் சொல்வது பேசுகிற வாய். வீட்டுக்கு ஒரு பல்லி முகட்டில் ஒட்டிக்கொண்டு வெயிலுக்குக் காவல் இருக்கும். விடியுமுன் "திற" என்னும். வீட்டுக்காரர்கள் கதவு சன்னலெல்லாம் திறந்து குளிர்ந்த காற்றை உள்ளே விடுவார்கள். முற்றத்தில் வெயில் இறங்கியதும் "சாத்து" என்னும். எல்லாவற்றையும் சாத்தி, வாசலில் நனைத்த கோரைப்பாயைத் தொங்கவிடுவார்கள். மண்சுவர் வாங்கி வைத்த குளிர்ச்சி பொழுது சாயும்வரை உள்ளேயே கிடக்கும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

கரிசல் காட்டு ஊர் ஒன்றில் சடச்சி என்று ஒருத்தி இருந்தாள். இரண்டு பிள்ளைகளை மாதம் திரும்புமுன் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். மூன்றாவதாக ஒரு பெண் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. புருசன் ஆட்டுக்கிடையோடு வெளியூர் போயிருந்தான். குழந்தைக்குத் துணை அவளும் பல்லியும்தான்.

ஆனால் பல்லிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அவள் தாலி கட்டிக்கொண்டு வருவதற்கு முன்பே அந்த வீட்டில் இருந்தது அது. மாமியார் இல்லாத குறையை அதுதான் தீர்த்து வைத்தது. அடுப்பை வெளியே வை, பாயை நனை, சன்னலைச் சாத்து என்று ஓயாத நச்சரிப்பு. பிள்ளைக்காகத்தானே என்று சடச்சி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டு வந்தாள்.

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு நாள், நாத்தனார் இருளாயி பிள்ளை பார்க்க வந்தாள். வெயிலில் நடந்து வந்தவளுக்குக் கதவு சாத்திய வீடு கண்ணைக் கட்டியது.

"என்ன மதினி, பச்சப் புள்ளைய இப்படி அடைச்சு வச்சிருக்கீக? நாலு காத்து வந்தாத்தானே புள்ள பொழைக்கும்?"

அந்தக் கடைசிச் சொல் சடச்சியைச் சுருக்கென்று குத்தியது. முந்தின இரண்டும் மூச்சு முட்டித்தான் போய்விட்டனவோ? ஓடிப் போய்ச் சன்னல்களைத் திறந்தாள். பாயையும் பிடுங்கி எறிந்தாள்.

"சாத்து, சடச்சி," என்றது பல்லி. "இப்ப வர்றது காத்து இல்ல, நெருப்பு."

இருளாயி சிரித்தாள். இந்த வீட்டில் குடும்பம் நடத்துவது மதினியா, பல்லியா என்று கேட்டாள். சடச்சிக்கு மானம் போயிற்று. நாத்தனாருக்குப் போட எடுத்து வந்த கேழ்வரகுக் களி கையில் கொதித்துக்கொண்டிருந்தது. அகப்பையில் ஒரு கட்டி அள்ளி முகட்டைப் பார்த்து வீசினாள். அது பல்லியின் வாயிலேயே போய் அப்பிக்கொண்டது. நாக்கு வெந்து அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ள, பல்லி அப்படியே அடங்கியது.

இருளாயி சாப்பிட்டுவிட்டுப் போனாள். சடச்சி பிள்ளையைச் சன்னலுக்கு நேரே பழந்துணியில் கிடத்திவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். பன்னிரண்டு நாள் தூங்காத உடம்பு, கண் அசந்துவிட்டது.

"ச்சு... ச்சு... ச்சு" என்று ஒரு சத்தம் அவளை எழுப்பியது. பல்லிதான். இன்னும் உன் கொட்டம் அடங்கவில்லையா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பல்லி விடவில்லை. சுவர் வழியாக இறங்கி அவள் காலடிக்கு வந்தது. வாலைத் தூக்கித் தரையில் அடித்தது. அடித்தது, அடித்தது, வால் அற்று விழும்வரை அடித்தது. அறுந்த வால் தனியாகக் கிடந்து துடித்தது.

சடச்சிக்குப் பகீரென்றது. குனிந்து அந்த வாலைத் தொடப் போனாள். விரல் தரையில் பட்டது. சுட்டது. சாணி மெழுகிய தன் வீட்டுத் தரையா இது? நம்பாமல் இன்னோர் இடத்தில் தட்டிப் பார்த்தாள். அங்கேயும் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிபோலச் சுட்டது.

அப்புறம்தான் பிள்ளையைப் பார்த்தாள். உதடு காய்ந்து, கண் பாதி மூடி, அழக்கூடத் தெம்பில்லாமல் செக்கச் சிவந்து கிடந்தது குழந்தை.

எப்படி எழுந்தாள், எப்படிச் சாத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. குடத்துத் தண்ணீர் முழுவதையும் தரையில் கொட்டினாள். பாயை நனைத்துக் கட்டினாள். ஈரத்துணியால் பிள்ளையை ஒற்றி ஒற்றி எடுத்து மாரில் போட்டாள். அது வாய் வைக்கவில்லை. நான் பாவி, நானே கொன்றுவிட்டேன் என்று அரற்றினாள். வீடு மெல்ல மெல்லத்தான் ஆறியது. வெயில் தாழ்கிற நேரத்தில் அந்தச் சின்ன வாய் அசைந்து பால் குடித்தது.

சடச்சி அழுதுகொண்டே பல்லியைத் தேடினாள். மொட்டை வாலோடு சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு வார்த்தை பேசு," என்று கெஞ்சினாள். "என்னைத் திட்டவாவது செய்."

பல்லி வாயைத் திறந்தது. "ச்சு" என்றது. அவ்வளவுதான் வந்தது.

அதற்குப் பிறகு பல்லி உச்சுக் கொட்டும்போதெல்லாம் சடச்சி கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுத் தரையை விரலால் தட்டிப் பார்ப்பாள். சுட்டால் ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்துவாள். மற்ற வீட்டுப் பல்லிகளும் அன்றோடு பேச்சை விட்டு உச்சுக் கொட்டத் தொடங்கின; அவளைப் பார்த்து ஊரும் தட்டியது. அன்று முதல்தான் பல்லி சொன்னால் நாம் எல்லோரும் தரையைத் தட்டுகிறோம். தட்டிவிட்டு, நடுப்பகலில் சன்னலை விரியத் திறந்து வைத்துக்கொண்டு, நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று அதனிடமே கேட்கிறோம்.