எண்ணெய் கேட்ட பிரேக் கட்டை

ரொம்பக் காலத்துக்கு முன்பெல்லாம் இல்லை. போன ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால், கோயம்புத்தூரில் ஒரு சைக்கிளின் பிரேக் கட்டை பொறாமையில் வெந்துகொண்டிருந்தது. பின்சக்கரத்துக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கட்டைகள் இருந்தன. எண்ணம் ஒன்றுதான் என்பதால் நாமும் ஒன்றென்றே வைத்துக்கொள்வோம்.

சைக்கிள் மரகதத்தினுடையது. அவள் மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவள். காலையிலும் மாலையிலும் ரயில் பாதைக்கு மேலே போகும் பாலத்தை ஏறி இறங்கியாக வேண்டும். வழியில் இல்லாத ஆபத்தில்லை. காரை ஓரமாக நிறுத்தியவர்கள் பின்னால் பாராமல் படாரென்று கதவைத் திறப்பார்கள். குழாய் போடத் தோண்டிய பள்ளம் மூடப்படாமல் வாய் பிளந்து கிடக்கும். ஷேர் ஆட்டோ ஆளைக் கண்டால் நட்ட நடு ரோட்டில் நிற்கும். எதற்கும் மரகதம் அசர மாட்டாள். முன் பிரேக்கின் வயர் அறுந்து பல நாளாகியும், "அதுதான் பின் பிரேக் இருக்குதில்ல" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போவாள்.

தன்னை நம்பி ஒருத்தி பாலம் இறங்குகிறாள் என்ற பெருமை கட்டைக்குத் தெரியவில்லை. அதன் கண்ணெல்லாம் எண்ணெய்க் குப்பி மேலேயே இருந்தது. மரகதத்தின் வீட்டுக்காரன் வேலுச்சாமி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சைக்கிளுக்கு எண்ணெய் விடுவான். செயினுக்கு விடுவான், பெடலுக்கு விடுவான், சக்கரத்தின் அச்சுக்கு விடுவான். பிரேக் கட்டையின் பக்கம் மட்டும் குப்பி திரும்பாது.

"நான் என்ன பாவம் செய்தேன்?" என்று ஒரு நாள் கட்டை கேட்டேவிட்டது. "வெயிலில் காய்வதும் சேற்றில் தேய்வதும் நான். எண்ணெய் மட்டும் உங்களுக்கா?"

"நாங்கள் வண்டியை ஓட்டுகிறோம், நீ நிறுத்துகிறாய்," என்றது செயின். "குறுக்கே நிற்பவனுக்கு யார் உபசாரம் செய்வார்கள்?"

பின்சக்கரமும் சேர்ந்துகொண்டது. "உன் பிடி இருக்கிறதே, முரட்டுப் பிடி. தொட்டாலே உடம்பு எரிகிறது. ஊரோடு ஒத்துப் போகக் கற்றுக்கொள்ளப்பா."

ஹேண்டில்பாரில் உட்கார்ந்திருந்த பெல்தான் வழி சொன்னது. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும். நான் கத்துகிறேன், ஊரே வழி விடுகிறது. நீயும் கத்து. தானாக வரும் எண்ணெய்."

அன்றிலிருந்து கட்டை கத்த ஆரம்பித்தது. மரகதம் பிரேக்கைத் தொட்டால் போதும், 'கிறீச்' என்று தெருக்கோடி வரை கேட்கும். கத்தக் காரணம் எதுவும் இல்லை, எண்ணெய்க்காகச் சும்மாவே கத்தியது.

ஆயுத பூஜை அன்று காலை வேலுச்சாமி வாசலில் சைக்கிளைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தான். பிரேக்கை ஒரு முறை பிடித்துப் பார்த்தான். கட்டை தன் மொத்தக் குரலையும் எடுத்து வீறிட்டது.

"என்ன மரகதம், இந்தக் கத்துக் கத்துது? நல்ல நாளும் அதுவுமா அழுதுட்டுக் கெடக்குது. ரெண்டு சொட்டு விட்டா அடங்கிரும்."

கதவு கத்தினாலும் எண்ணெய், தையல் மிஷின் கத்தினாலும் எண்ணெய். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

"பிரேக்குக்கு ஆராச்சும் எண்ணெய் விடுவாங்களாங்க?" என்று உள்ளேயிருந்து மரகதம் கேட்டாள்.

"எல்லாத்துக்கும் விட்டுப்போட்டு அதை மட்டும் காயப் போட்டா நல்லாவா இருக்கும்? சாமி நாளு."

அடுப்பில் சுண்டல் தாளிக்கும் அவசரம் அவளுக்கு. "என்னமோ பண்ணுங்க போங்க," என்று விட்டுவிட்டாள்.

வேலுச்சாமி தாராளமான ஆள். இரண்டு சொட்டோடு நிற்கவில்லை. கட்டை நனைந்து வழியும்வரை விட்டான். எண்ணெய் ஊறிய துணியால் சக்கரத்தின் விளிம்பையும் பளபளவென்று தேய்த்தான். பிறகு சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கினான்.

கட்டைக்குத் தலைகால் புரியவில்லை. சத்தம் நின்றுபோயிற்று.

"இப்போதுதான் நீ நம்ம ஆள்," என்றது செயின்.

"உன் கை பட்டால் பூப் பட்ட மாதிரி இருக்கிறது," என்று சக்கரம் சிலிர்த்துக்கொண்டது. இவ்வளவு நாள் இந்த மரியாதைக்குத்தானே ஏங்கினோம் என்று கட்டை அன்றெல்லாம் சந்தோஷத்தில் மிதந்தது.

லீவு முடிந்து மரகதம் வேலைக்குக் கிளம்பினாள். பாலம் ஏறும்வரை பிரேக்குக்கு வேலை வரவில்லை. உச்சியிலிருந்து இறங்கும்போது, இறக்கம் முடியும் இடத்தில் ஒரு டவுன் பஸ் ரோட்டை அடைத்து நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. மரகதம் பிரேக்கைப் பிடித்தாள்.

கட்டை சக்கரத்தைத் தொட்டது. தொட்டதோடு சரி. வழுக்கியது.

"கிச்சுக்கிச்சு மூட்டாதே," என்று சக்கரம் சிரித்தது. இறக்கத்தில் வேகம் கூடியதும் சிரிப்பு நின்றது. "போதும். பிடி."

"பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்!"

"இது பிடியா? பழைய மாதிரி பிடி! எரியட்டும், பிடி என்னை!" என்று சக்கரம் அலறியது.

பெல் விடாமல் அடித்தது. பஸ் நகரவில்லை. கட்டை உயிரைக் கொடுத்து அழுத்தியது. இவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதைத் தவிர அதற்கு வேறு நினைப்பில்லை. நினைப்பு மட்டும்தான் இருந்தது, பிடிமானம் போய்விட்டது. வாழ்நாளில் முதல்முறையாக அது பயந்தது.

மரகதம் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பாலத்துச் சுவரோரம் கூட்டிக் குவித்திருந்த மண்ணைப் பார்த்தாள், ஹேண்டில்பாரை அதன் பக்கம் ஒடித்துத் திருப்பினாள். சைக்கிளும் அவளும் மண்ணில் சாய்ந்தார்கள். முழங்கை தோலுரிந்து ரத்தம் வந்தது. பஸ் இரண்டடி தூரத்தில் இருந்தது.

அன்று சாயங்காலம் அவளே வாளியும் சோப்புமாக உட்கார்ந்தாள். வேலுச்சாமி முகம் செத்துப்போய் நின்றான். "நல்லதுக்குன்னுதான் பண்ணினேன் மரகதம்."

"நல்லதுக்குத்தானுங்க பண்ணினீங்க. அந்த உப்புத்தாளை எடுங்க."

விளிம்பையும் கட்டையையும் அவள் உப்புத்தாளால் தேய்த்தாள். கட்டைக்கு எரிந்தது. ஆனாலும் முனகாமல் காட்டிக்கொண்டு நின்றது. அறுந்து கிடந்த முன் பிரேக்குக்கும் வேலுச்சாமி மறுநாளே புது வயர் போட்டான்.

"பாவம், எல்லாம் போச்சே," என்றது செயின். "என்னிடம் மிச்சம் இருக்கிறது, கொஞ்சம் தரட்டுமா?"

"உனக்கு அது வேண்டும், நீயே வைத்துக்கொள்," என்றது கட்டை. "என்னிடம் ஒட்ட வராதே."



அடுத்த வாரம் அதே பாலம், அதே இறக்கம். கீழே முன்பு போலவே பஸ் மறித்து நின்றது. மரகதம் பிரேக்கைப் பிடித்தாள். கட்டை சக்கரத்தைக் கவ்விய கவ்வில் ஒரு 'கிறீச்' எழுந்தது. இந்த முறை அது எதையும் கேட்டுக் கத்தவில்லை. பிடித்த பிடியில் வந்த சத்தம் அது. சைக்கிள் பஸ்ஸுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது.

படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். "ஏனக்கா, அந்த பிரேக்குக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடக் கூடாதா? காது கிழியுது!"

மரகதம் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு முழங்கையைத் தூக்கிக் காட்டினாள்.

"காதுதானே தம்பி கிழியுது. எண்ணெய் விட்டப்ப இந்தக் கையே கிழிஞ்சுது."