மிச்சம் பதினெட்டு டிகிரி

வேலாயுதசாமிக்கு அறுபத்தொரு வயது. அவருடைய குருவுக்கு இருபத்தெட்டு.

குருவின் பெயர் நிலோபர். மேட்டுப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தாள். டென்ட்டைப் பின்னால் கட்டிக்கொண்டு தனியாக லடாக் வரை மிதித்துவிட்டு வந்தவள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான வேலாயுதசாமி அவளை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். முதலில் கூச்சப்பட்டாள். பிறகு விட்டுவிட்டாள்.

கோத்தகிரிக்குச் சைக்கிளில் ஏறி, ஒரு நாள் டென்ட்டில் தங்கிவிட்டு வர வேண்டும். அதுதான் அவர் ஆசை. இரண்டு முறை கிளம்பினார். இரண்டு முறையும் பாதி வழியில், குஞ்சப்பனையிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டார். இரண்டாம் முறை அவரைச் சைக்கிளோடு பிக்கப் வேனில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தவன் அவரிடம் படித்தவன். வழியெல்லாம் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மறுநாள், டென்ட்டுக்குள் புகுந்து படுக்க வாங்கிய ஸ்லீப்பிங் பேக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

“டீச்சர், இது சரியில்லையோன்னு தோணுதுங்க. எதைப் பார்த்து வாங்கணும்?”

“இதை எதைப் பார்த்து வாங்குனீங்க சார்?”

“மைனஸ் பத்து டிகிரி வரைக்கும் தாங்கும்னு போட்டிருந்துச்சு. எனக்குக் குளிருன்னா பயம்.”

“கோத்தகிரியில இப்ப எவ்வளவு இருக்கும்?”

“விடியக்காலையில எட்டு.”

“அப்ப மிச்சம் பதினெட்டு டிகிரியை யாரு சுமக்கறது?”

அவர் பையில் ஒட்டியிருந்த லேபிளைத் திருப்பிப் பார்த்தார்.

“கையை நீட்டி அதைப் பிடிங்க சார்.”

பிடித்தார். நிலோபர் ஒரு சக்கரத்தின் கோணலை எடுக்க உட்கார்ந்துவிட்டாள். பை மூன்று கிலோ. கொஞ்ச நேரத்தில் அவர் இன்னொரு கையையும் கொடுத்துத் தாங்கினார்.

“இன்னும் எவ்வளவு நேரம் டீச்சர்?”

“குஞ்சப்பனை வரைக்கும்.”

பை கீழே விழுந்தது.

அவள் எழுந்து உள்ளே போய்த் தன்னுடையதைக் கொண்டுவந்தாள். சுருட்டினால் ஒரு சொம்பு அளவுதான். ஒரு கிலோகூட இல்லை.

“எட்டு டிகிரிக்கு இது போதும்.”

“அதுக்கும் கீழ போயிருச்சுன்னா?”

அவள் மறுபடி சக்கரத்தைச் சுழற்றத் தொடங்கினாள்.

சனிக்கிழமை அவர் அவளுடைய சின்னப் பையைக் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினார். குஞ்சப்பனை வந்தது. கால் நிற்கும் என்று காத்திருந்தார். நிற்கவில்லை. இறங்காமலே தண்ணீர் குடித்தார். அடுத்த வளைவு, அதற்கடுத்தது. ஒரு லாரிக்காரர் வண்டியை மெதுவாக்கி, “ஐயா, சூப்பர்!” என்று கத்திவிட்டுப் போனார். மத்தியானம் இரண்டு மணிக்கு, கடைவீதி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி மணியை அடித்துக்கொண்டே கோத்தகிரிக்குள் நுழைந்தார். தெரிந்தவருடைய தேயிலைத் தோட்டத்தில் டென்ட் போட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நிலோபரின் போன் அடித்தது.

“டீச்சர், ஏறிட்டேன்! எங்கயும் தள்ளலை, மிதிச்சே ஏறிட்டேன்!”

“சந்தோஷம் சார்.”

“ஆனா எட்டு இல்லீங்க, அஞ்சு டிகிரி. ஸ்வெட்டர், குல்லா, ரெண்டு ஜோடி சாக்ஸ், எல்லாத்தையும் மாட்டிட்டுத்தான் உள்ள படுத்தேன். அப்பவும் விடியறப்ப பல்லு தந்தியடிச்சுது.” அவர் சிரித்துக்கொண்டிருந்தார். “இப்படிக் குளிரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அப்ப ஏன் சொல்லலை?”

“அங்க ஏறிப் போனவங்களுக்குத்தானே சார் அந்தக் குளிரு.”