கால் கழுவ வைத்த தண்ணீர்

அந்தக் காலத்தில் கொசுவின் காலில் வெள்ளை வளையம் கிடையாது. அது யாரையும் கடித்ததும் இல்லை. பூவிலே தேன் குடிக்கும், ஆற்றிலே முட்டையிடும், மனிதர்களோடு நல்ல தெளிவாகப் பேசும்.

அப்போது ஆற்றோரத்து ஊர் ஒன்றில் ஆவுடை என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் வேம்பன் உப்பு ஏற்றிவர வண்டி கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் புறப்பட்டான். போகிற அன்று காலையில் தானே ஆற்றில் ஒரு பானை தண்ணீர் மொண்டு வந்து வாசலில் வைத்தான்.

"இது இப்படியே இருக்கட்டும். வந்ததும் இதுலதான் கால் கழுவிட்டு உள்ள வருவேன்" என்றான்.

போனவன் வரவில்லை. கூடப் போன வண்டிகள் எல்லாம் திரும்பிவிட்டன. பின்னால் வருகிறான் என்று நினைத்தோம் என்றார்கள் வண்டிக்காரர்கள். அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆவுடைக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் பேச ஆளும் இல்லை. வாசல் பெருக்கும்போதும் அடுப்பு ஊதும்போதும் அவளுக்கு ஒரே நினைப்புதான். அவனுக்குச் சோறு கிடைத்ததா, மாட்டுக்கு வைக்கோல் கிடைத்ததா, இடது கணுக்காலில் முள் குத்திய புண் ஆறிற்றா, உப்புத் தண்ணீர் பட்டு எரிந்திருக்குமோ. வாசல் பானையை மட்டும் அவள் கொட்டவே இல்லை. அவன் கை மொண்ட தண்ணீர் அல்லவா. வெயிலில் வற்றினால் ஒரு செம்பு ஊற்றி நிரப்பி வைப்பாள். மழையும் வந்தது, மழைக்குப் பின் வெயிலும் வந்தது. பானை நிறைந்தே இருந்தது.

ஒருநாள் பொழுது சாயும் வேளையில் ஒரு கொசு வந்து பானை விளிம்பில் உட்கார்ந்து அழுதது.

"ஏட்டி, எதுக்கு அழுத?" என்றாள் ஆவுடை.

"ஆத்துல முட்டை போட்டா ஆறு கொண்டு போயிருது அக்கா. மிஞ்சினதை மீன் தின்னுருது. ஒரு பிள்ளை மொகத்தை நான் இதுவரை பாத்ததில்ல. ஒங்க பானைத் தண்ணி அசையாமக் கெடக்கு. இதுல நாலு முட்டை போட்டுக்கிடட்டுமா?"

பிள்ளை முகம் பார்க்காத ஏக்கத்தை ஆவுடைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "போட்டுக்கோ. நான் இதைக் கொட்ட மாட்டேன். இது எங்க வீட்டுக்காரரு தண்ணி" என்றாள். நடந்ததையெல்லாம் கொசுவிடம் சொன்னாள்.

கொசு கேட்டுவிட்டு, "எனக்கு ரெக்கை இருக்கே அக்கா. ஊர் ஊராப் போயித் தேடுதேன். ஆளை எப்படிக் கண்டுபிடிக்க?" என்றது.

"மொகம் வெயில்ல மாறிப் போயிருக்கும். நீ கணுக்காலைப் பாரு. முள்ளுத் தழும்பு இருக்கும். தழும்பு ஆயிரம் பேருக்கு இருக்குமே, அதனால ஒரு சொட்டு ரத்தம் எடுத்துட்டு வா. அந்த முள்ளை நான்தான் பல்லால கடிச்சு எடுத்தேன். அந்த ரத்தம் என் நாக்குக்குத் தெரியும்."

"அடிச்சுப் போட்டுட்டாருன்னா?"

ஆவுடை தன் சேலை முந்தியின் வெள்ளைக் கரையில் நூல் உருவி, கொசுவின் கால்களில் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். "இதைப் பாத்தா என் சேலை நூலுன்னு தெரிஞ்சுக்கிடுவாரு. காதோரம் போயி, ஆவுடை கேட்டான்னு சொல்லு. அப்புறமா அடிக்க மாட்டாரு."

அன்றிலிருந்து கொசு பகலெல்லாம் பறந்தது. வழியில் கண்ட கணுக்கால் ஒன்று விடாமல் பார்த்தது. பொழுது சாயத் துளி ரத்தத்தோடு வரும். ஆவுடை நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பாள். "இது அவரு இல்ல" என்று துப்புவாள். மிச்சத்தைக் கொசு விழுங்கிக்கொள்ளும். அந்த ரத்தம் அதன் உடம்பில் நன்றாக ஒட்டிற்று. நாலு முட்டை நாற்பதாயிற்று, பிறகு எண்ண முடியாமல் போயிற்று.

முட்டை பொரித்துச் சின்னப் புழுக்கள் பானையில் வளைந்து நெளிந்து ஆடின. ஆவுடை அவற்றுக்குக் கூத்தாடி என்று பேர் வைத்தாள். பானைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். அவளுக்கு அது ஒரு துணையாக இருந்தது. கூத்தாடிகளுக்குச் சிறகு முளைத்தது. தாயின் வேலையைப் பெண் கொசுக்களும் கற்றுக்கொண்டு கணுக்கால் கணுக்காலாகத் தேடக் கிளம்பின. ஆண் கொசுக்களுக்கு அந்தக் கவலை இல்லை. அவை பூவோடு இருந்துவிட்டன.

பிறகுதான் ஊரில் காய்ச்சல் வந்தது.

வேம்பனின் தங்கை கோமு பக்கத்து வீட்டில் இருந்தாள். அவள் மகள் வடிவு அனலாய்க் கொதித்துக் கிடந்தாள். கோமு அழுத கண்ணோடு ஆவுடை வாசலில் வந்து நின்றாள்.

"மதினி, இந்தப் பானையில இருந்துதான் படை படையாக் கெளம்புது. பிள்ளை கை கால் அசைக்க முடியாமக் கெடக்கா. தண்ணியைக் கொட்டுங்க."

"அது ஒங்க அண்ணன் மொண்ட தண்ணி கோமு."

"எங்க அண்ணன் மொண்ட தண்ணி என்னைக்கோ வெயில்ல போயிட்டு மதினி. இப்பக் கெடக்கது பூரா நீங்க ஊத்துன செம்புத் தண்ணி."

ஆவுடை பானை விளிம்பைக் கையால் பற்றிக்கொண்டாள்.

"பாசி பிடிச்ச தண்ணியில கால் கழுவ எங்க அண்ணன் என்ன எருமையா? நாளைக்கே வந்து நின்னான்னா, ஏன் இப்படி வச்சிருக்கேன்னு ஒங்களைத்தான் ஏசுவான்."

ஆவுடை கோமு வீட்டுக்குப் போனாள். வடிவு கண்ணைப் பாதி திறந்து, "அத்தை, மாமா வந்துட்டாவளா?" என்று கேட்டாள். ஆவுடை அவள் நெற்றியில் கையை வைத்தாள். சுட்டது. வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, எழுந்து தன் வாசலுக்கு வந்தாள்.

இரண்டு கையாலும் பானையைச் சாய்த்தாள். தண்ணீர் மணலில் ஓடி நின்றது. கூத்தாடிகள் கொஞ்சம் துள்ளி அடங்கின. பானையின் உள்சுவரில் கரி அப்பியது போல முட்டைகள் ஒட்டியிருந்தன. கோமு தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டுவந்தாள். இருவரும் தேய்த்துக் கழுவிப் பானையைக் கவிழ்த்து வைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, வெகு தூரத்திலிருந்து தாய்க் கொசு வந்தது. சிறகு கிழிந்திருந்தது. வாயில் ஒரு துளி ரத்தம் இருந்தது. அன்று அது வந்த வேகமே வேறு.

வந்தது மணலைப் பார்த்தது. காய்ந்து கிடந்த பிள்ளைகளைப் பார்த்தது. கவிழ்ந்த பானையை மூன்று முறை சுற்றிற்று. பிறகு அழுதது. அழுத அழுகையில் குரல் தேய்ந்து தேய்ந்து நூலாயிற்று.

"ஏட்டி, கண்டுக்கிட்டியா? எங்க இருக்காரு?" என்று ஆவுடை கையை நீட்டினாள். "அந்தத் துளியைக் குடு."

கொசு அவள் காதோரம் வந்து என்னவோ சொல்லிற்று. ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஙொய் என்ற ஓசை மட்டும்தான் கேட்டது. விம்மலோடு விம்மலாக வாயிலிருந்த துளியையும் அது விழுங்கிவிட்டது. அது வேம்பனின் ரத்தமா, வழிப்போக்கன் ரத்தமா, ஆவுடைக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று.

காய்ச்சல் விட்டு வடிவு எழுந்து நடந்தாள். ஆவுடை விடிந்ததும் ஆற்றுக்குப் போய்ப் புதுத் தண்ணீர் மொண்டு வந்து வாசலில் வைத்தாள். மறுநாள் விடிந்ததும் அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு, பானையைத் தேய்த்து, மறுபடி ஆற்றுக்குப் போனாள். இருக்கும்வரை அப்படித்தான் செய்தாள்.

கொசுவும் விடவில்லை. வெள்ளை நூல் சுற்றிய காலோடு இன்றும் கணுக்காலைத் தேடி வருகிறது. காதோரம் நின்று அந்தச் சேதியைச் சொல்லப் பார்க்கிறது, நாம் கையை ஓங்குகிறோம். நம் வீட்டுப் பெண்கள் சும்மா கிடக்கிற பானையைக் கவிழ்த்து வைப்பதும், வாசல் தண்ணீரைப் பழசாக விடாமல் மாற்றுவதும் அன்று முதல்தான். வருகிறவர் என்றைக்கு வருவாரோ, அவர் காலுக்குப் புதுத் தண்ணீர் இருக்க வேண்டாமா.