மந்தியின் குரல்

குட்டைக் கரையில் ஒரே கூச்சல்! காடு பார்க்க வந்தவர்கள் தவறவிட்ட செல்போன் ஒன்று நரிக்குக் கிடைத்திருந்தது.

நரி அதைத் தொட்டு ஊளையிட்டது. மறுபடி தொட்டதும் அதே ஊளை போனிலிருந்து வந்தது!

“அட, எனக்கும் பிடி!” என்று மயில் அகவியது. “எனக்கும்! எனக்கும்!” என்று காட்டுப்பன்றி முண்டியடித்தது.

கருமந்தி வேலப்பன் மருதமரத்திலிருந்து குதித்து வந்தது. தினமும் உச்சிக்கிளையில் இருந்து சிறுத்தை வருகிறதா என்று பார்த்துச் சொல்வது அதுதான். அதன் குரல் கேட்ட பிறகே மான்கள் தண்ணீருக்கு இறங்கும்.

“அண்ணே, நீங்க ஒரு தடவை பேசுங்க!” என்றது நரி.

“வாங்க, வாங்க! சிறுத்தை இல்லை! பயப்படாம குடிங்க!” என்று வேலப்பன் உற்சாகமாகக் கத்தியது.

நரி நேராகச் சிறுத்தையிடம் ஓடியது. “மந்தி நாளைக்கு அத்திப்பழம் தின்ன மலைக்குப் போகுது. நான் மானை வரவழைக்கிறேன். மிச்சம் எனக்கு!”

மறுநாள் நரி அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, போனை மருதமரப் பொந்தில் வைத்துவிட்டு ஒளிந்துகொண்டது. “வாங்க, வாங்க! சிறுத்தை இல்லை!” என்று குரல் எழுந்தது. மான்கள் துள்ளி வந்தன. மருதி என்ற பெண்மானின் குட்டி எல்லோருக்கும் முன்னால் ஓடித் தண்ணீரில் வாய் வைத்தது.

மேற்குப் புதர் அசைவதை மருதி பார்த்தது.

“வேலப்பண்ணே! அந்தப் புதர்ல என்ன?”

“பயப்படாம குடிங்க!”

“காத்தா, பன்றியா? பார்த்துச் சொல்லுங்க!”

“வாங்க, வாங்க! சிறுத்தை இல்லை!”

மருதி மற்ற மான்களைப் பார்த்துக் கத்தியது. “குரல் அண்ணனோடதுதான். ஆனா பேசறது அண்ணன் இல்லை! ஓடுங்க!” குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு பாய்ந்தது.

சிறுத்தையும் பாய்ந்தது. சேறுதான் மிஞ்சியது! ஆத்திரத்தில் அது நரியைத் துரத்த, நரி அந்தக் காட்டை விட்டே ஓடிப்போனது.

மாலையில் திரும்பிய வேலப்பன், நடந்ததைக் கேட்டுப் பொந்திலிருந்த போனை எடுத்ததும் துடித்துப்போனது. “என் குரலை வச்சே அந்த நரி உங்களைக் கொல்லப் பார்த்தானா! இதைத் தண்ணியில வீசுறேன்!”

“வீசாதீங்க அண்ணே!” என்றது மருதி. “மயில் ஆடறதுக்கு அதுல பாட்டுப் போடலாம். ஆனா நாங்க தண்ணிக்கு வர்றப்ப ஏதாவது கேப்போம். நீங்கதான் பதில் சொல்லணும்!”

“கேளு, கேளு! எத்தனை வேணும்னாலும் கேளு!” என்று வேலப்பன் சிரித்தது.

பழகிய குரல் என்பதற்காகவே நம்பிவிடாமல், திருப்பி ஒரு கேள்வி கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பவரே பிழைப்பார்.