கார்குழலி கொடுத்த வேர்

கேளுங்கள், எல்லோரும் கேளுங்கள்! மலைக்கு மேல் மலை அடுக்கிய குளிர்மலை நாட்டில், முன்னொரு காலத்தில் இளவேனி என்றோர் அரசி இருந்தாள்.

மணமாகி வந்தபோது அவள் கொண்டுவந்த தாய்வீட்டுச் சீர் பொன்னல்ல, பட்டல்ல. மூன்று அக்ரூட் கன்றுகள். அந்த மரத்தின் கொட்டையை உள்ளங்கையில் வைத்து அழுத்தினாலே ஓடு உடையும். உள்ளே வெண்ணெய் போலப் பருப்பு!

அரண்மனைத் தோட்டத்தில் அதன் பங்காளி மரம் ஏற்கெனவே இருந்தது, கறுப்பு அக்ரூட். அதன் கொட்டையை உடைக்கச் சம்மட்டி வேண்டும். உடைத்தாலும் பருப்பை ஊசியால் தோண்ட வேண்டும். ஆனாலும் அரசனின் தங்கை கார்குழலிக்கு அந்த மரங்கள்தான் உயிர்.

"கல்லைக் காய்க்கிற மரம்!" என்று சிரித்தாள் அரசி.

"இந்த மண்ணில் உங்கள் மரம் நிற்கட்டும், பார்க்கலாம் அண்ணி!" என்றாள் கார்குழலி.

நிற்கவில்லை. முதல் கன்று மழைநீரில் வேர் அழுகிச் செத்தது. இரண்டாவதன் வேரைப் புழு தின்றது. மூன்றாவதும் வாடத் தொடங்கியது. அதே மழையில், அதே புழுக்களுக்கு நடுவே, கறுப்பு மரங்கள் மதமதவென்று நின்றன.

"என் மரத்தை ஏற்காத மண் என்னை மட்டும் ஏற்குமா?" அரசி தாய்வீடு திரும்பப் பல்லக்கைக் கொண்டுவரச் சொல்லிவிட்டாள்!

ஏறப்போனவள் சட்டென்று நின்றாள். வாடிய கன்றின் உச்சியில் ஒரு கிளை இன்னும் பச்சையாக இருந்தது! தாய்வீட்டில் பேரிக்காய்ச் செடிக்கு ஒட்டுக் கட்டியது நினைவுக்கு வந்தது. கார்குழலியிடம் ஓடினாள்.

"குழலி, உன் கன்று ஒன்றின் வேரைக் கொடு. என் கிளையை அதில் ஒட்டுகிறேன்."

"என் கன்றின் தலையை வெட்டவா?"

"ஆமாம். உன் மரத்தைப் பழித்தேனே, அதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு."

கார்குழலி வாசலில் நின்ற பல்லக்கைப் பார்த்தாள். அண்ணியின் கலங்கிய கண்ணைப் பார்த்தாள். கத்தியை எடுத்து, ஆசையாய் வளர்த்த கன்றைத் தானே சீவினாள்!

கிளையைப் பொருத்தினார்கள், நாரால் கட்டினார்கள், மெழுகு பூசினார்கள். விடிந்தால் போதும், இருவரும் தோட்டத்துக்கு ஓடுவார்கள். துளிர் இல்லை. மறுபடி ஓடினார்கள். துளிர் இல்லை. பிறகு ஒரு காலை...

"அண்ணி! அண்ணி! துளிர் விட்டுவிட்டது!"

அந்தக் கத்தலில் அரசனே சபையை விட்டு ஓடிவந்தான். தங்கையும் மனைவியும் கட்டிக்கொண்டு குதிப்பதைக் கண்டு வாய்பிளந்து நின்றான்!

ஆகவே அறிந்துகொள்ளுங்கள்: ஆளுக்கொன்றை விட்டுக்கொடுக்கிறவர்களின் உறவே வேரூன்றித் தழைக்கும்.